மேகத்தில் விமானம் முட்டிக்கொள்ளுமா?

கேள்வி: 64 வயதான என் அம்மாவை முதன்முறையாக விமானத்தில் சேலத்திலிருந்து சென்னைக்கு அழைத்துச் செல்லவிருக்கிறேன். "மேகத்தில் போய் முட்டிக்கொண்டால் என்ன செய்வது?" என்று பயப்படுகிறார். விமானம் எப்போதும் மேகத்துக்கு மேலேதானே பறக்கும்? எந்த நேரத்து டிக்கெட் நல்லது?
- ஒரு வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: உங்கள் அம்மா ஏற்காட்டுக்குப் போயிருப்பார் அல்லவா? அப்படியென்றால் மேகத்துக்குள் அவர் ஏற்கெனவே நடந்திருக்கிறார். காப்பித் தோட்டத்தை மூடிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியில் பொடிப்பொடியாக நீர் கோக்கிறதே, அந்த மூட்டம் மலையைத் தொட்டு நிற்கும் மேகம்தான். அதன் ஒரு துளி சுமார் 0.02 மில்லிமீட்டர். முட்டிக்கொள்ள அதில் எதுவும் கிடையாது.

விமானத்தை ஆட்டுவது மேகத்துக்குள் ஏறி இறங்கும் காற்று. ஏற்காட்டின் உயரம் சுமார் 1,500 மீட்டர். அங்கே தவழும் தட்டையான மேகத்தில் அப்படிப்பட்ட காற்று குறைவு. கமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்திலிருந்து கிளம்பும் விமானம் சில நிமிடங்களில் அதைத் தாண்டிவிடும். லேசாக அதிர்ந்தால் அதோடு சரி.

சித்திரை, வைகாசிப் பிற்பகல்களில் கோபுரம்போல் எழும் இடிமேகம்தான் மதிக்க வேண்டியது. நம் பகுதியில் அதன் உச்சி 15 கிலோமீட்டரைத் தாண்டுவதுண்டு. பெரிய ஜெட் விமானங்களே 10 முதல் 12 கிலோமீட்டரில்தான் பறக்கின்றன. சேலம்-சென்னைத் தடத்தில் பறக்கும் ஏடிஆர் 72, விசிறி சுழலும் விமானம். அதன் உச்சவரம்பே சுமார் 7.6 கிலோமீட்டர். ஆகவே எல்லா மேகத்துக்கும் மேலே பறக்கும் என்று அம்மாவிடம் சொல்லாதீர்கள். விமானி ரேடாரில் பார்த்து விலகிப் போவார் என்று சொல்லுங்கள், அதுதான் உண்மை. கடுமையான இடிமேகத்திலிருந்து 20 கடல் மைல், அதாவது 37 கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பது விமானிகளுக்குக் கற்பிக்கப்படும் பாடம். அதற்காகச் சுற்றிப் போய் நேரமானால் மனதார வரவேற்பேன்.

நேரம் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் காலை விமானத்தையே எடுங்கள். தரை சூடேறிக் காற்று வலுவாக மேலெழுவது பெரும்பாலும் நண்பகலுக்குப் பிறகுதான். இருக்கை நடுப்பகுதியில், இறக்கைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஆட்டம் அங்கே குறைவு. ஏடிஆரில் இறக்கை கூரைமேல் இருப்பதால் ஜன்னல் வழியே கீழே பார்ப்பதற்குத் தடையில்லை. ஓடுதளத்துக்குக் கிழக்கே சேர்வராயன் மலை நிற்கிறது, அம்மாவுக்குக் காட்டுங்கள். இருக்கை வார் பயணம் முழுவதும் இடுப்பில் இருக்கட்டும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அவருக்குக் காது அடைத்ததா என்று கேட்டுப் பாருங்கள். சென்னையில் இறங்கும்போதும் அப்படித்தான் அடைக்கும். விமானம் தாழத் தொடங்கியதும் ஒரு மிட்டாயை வாயில் போட்டு எச்சிலை விழுங்கிக்கொண்டே வரச் சொல்லுங்கள். சளி பிடித்து மூக்கடைப்பு இருந்தால், முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.