வசனத்தைக் காட்டி வாலிபரை நடத்த முடியுமா?

கேள்வி: எங்கள் சபையில் வாலிபர் ஐக்கியத் தலைவராக இருக்கிறேன். ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் என் பேச்சை யாரும் கேட்பதில்லை. முன்பு 40 பேர் வந்த கூட்டத்துக்கு இப்போது 15 பேர் வந்தால் அதிகம். போன கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல் ரவுண்ட்ஸில், நான் போட்டுக் கொடுத்த வரிசைப்படி போக மாட்டேன் என்று ஒரு பையன் பாதி ராத்திரியில் விலகினான். கூடவே நாலு பேரை அழைத்துக்கொண்டு போய்விட்டான். மன்னிப்புக் கேட்டால்தான் இனி கூட்டத்துக்கு வரலாம் என்று சொல்லிவிட்டேன். நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்கிற எபிரெயர் 13:17-ஐ வைத்து இரண்டு முறை செய்தியும் கொடுத்தேன். பலன் இல்லை. வேதத்தின்படி மற்றவர்களை நடத்துவது எப்படி? இதற்கென்று நடக்கும் தலைமைத்துவப் பயிற்சி முகாமுக்குப் போகலாமா? வரும் தேர்தலில் மறுபடி நிற்கலாமா?
(பெயர் வேண்டாம், நெல்லை மாவட்டம்)

பதில்: முகாமை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த வசனத்தை முழுசாகப் படியுங்கள். ‘கீழ்ப்படிந்து அடங்குங்கள்’ என்பது வரை உங்களுக்கு மனப்பாடமாக இருக்கிறது. நடத்துகிறவர்கள் யார் என்று அதே வசனம் சொல்கிறதே, அதைச் செய்தியில் சொன்னீர்களா? மற்றவர்களுடைய ஆத்துமாக்களுக்காக உத்தரவாதம் பண்ணி விழித்திருக்கிறவர்கள், அதற்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள். பையன் விலகிப்போய் மாதங்கள் ஆகின்றன. அவன் எங்கே வேலை பார்க்கிறான், ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறான், வீட்டில் என்ன நிலைமை, எதுவுமே உங்கள் கடிதத்தில் இல்லை. இந்தக் கணக்கை எப்படி ஒப்புவிப்பீர்கள்?

கீழ்ப்படிதலைப் பற்றிய வசனம் கேட்கிறவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியது. மைக்கைப் பிடித்திருப்பவர் அதை எடுத்தால் மிரட்டலாகத்தான் காதில் விழும். அதிலும் இரண்டு முறை! தலைவர்களுக்கென்றே எழுதிய வசனம் வேண்டுமானால் 1 பேதுரு 5:3 இருக்கிறது. இறுமாப்பாய் ஆளுகிறவர்களாக அல்ல, மந்தைக்கு மாதிரிகளாக இருங்கள் என்கிறது. அதை வைத்து யாரும் யாருக்கும் செய்தி கொடுத்து நான் அதிகம் கேட்டதில்லை.

தலைமை என்றதும் நம்மவர்கள் மோசே, யோசுவா, நெகேமியா என்று கிளம்பிவிடுவார்கள். செங்கடலைப் பிளப்பதும் மதில் கட்டுவதும் உங்கள் வேலை இல்லை. நீங்கள் பர்னபாவைப் படியுங்கள். ஆதி சபையின் கதையைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வருகிற மனிதர். சபையைத் துன்பப்படுத்திய சவுல் மனந்திரும்பி எருசலேமுக்கு வந்தபோது சீஷர்கள் எல்லாரும் பயந்து ஒதுங்கினார்கள். பர்னபாதான் அவரைக் கூட்டிக்கொண்டுபோய் அப்போஸ்தலர் முன்னால் நிறுத்தி, இவருக்கு நான் பொறுப்பு என்பதுபோல் பேசினார். பிற்பாடு அந்தியோகியாவில் வேலை பெருகியபோது, வந்த பெயரைத் தான் ஒருவரே வைத்துக்கொண்டிருக்கலாம். அவர் தர்சு பட்டணம் வரை போய் சவுலைத் தேடிப்பிடித்து அழைத்து வந்தார். இரண்டு பேரும் ஒரு வருஷம் சேர்ந்து போதித்தார்கள். சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயரே அந்த ஊரில்தான் முதலில் வழங்கியது.

நடபடிகள் 13-ஆம் அதிகாரம் ‘பர்னபாவையும் சவுலையும்’ என்று தொடங்குகிறது. சவுலுக்குத்தான் பவுல் என்றும் பெயர். அதிகாரம் முடிவதற்குள் ‘பவுலும் பர்னபாவும்’ ஆகிவிடுகிறது. தான் கைபிடித்துக் கொண்டுவந்தவன் தனக்கு முன்னால் போய்விட்டான்! பக்கத்துச் சபைகள் சேர்ந்த ஒரு சேகரத்தின் கமிட்டியில் இப்படி நடந்தால் மறு வாரமே பிஷப்பின் திருமண்டல அலுவலகத்துக்கு மொட்டைக் கடிதம் போகும். பர்னபா முணுமுணுத்ததாக ஒரு வரி கூட இல்லை.

அவர் சண்டையே போடாத சாது என்று நினைத்துவிடாதீர்கள். போட்டார், பவுலோடேயே. அதுவும் உங்கள் பையனைப் போன்ற ஒருவனுக்காக. மாற்கு என்னும் யோவான் முதல் பயணத்தில் பெர்கே பட்டணத்தில் பாதியிலேயே இவர்களை விட்டுத் திரும்பிப் போனவன். இரண்டாவது பயணத்துக்கு அவனைச் சேர்க்கவே கூடாது என்றார் பவுல். சேர்க்கத்தான் வேண்டும் என்றார் பர்னபா. கோபம் மூண்டு இருவரும் பிரிந்தார்கள். பர்னபா மாற்குவை அழைத்துக்கொண்டு சீப்புரு (சைப்ரஸ்) தீவுக்குக் கப்பல் ஏறினார். அதோடு நடபடிகள் புத்தகம் பர்னபாவை விட்டுவிட்டுப் பவுலின் பின்னால் போய்விடுகிறது.

பவுல் சொன்னதிலும் நியாயம் உண்டு. கடினமான பயணத்துக்கு நடுவழியில் விட்டுப்போகிறவனை நம்பி எப்படிப் போவது? மாற்கு பர்னபாவுக்கு உறவுக்காரன் என்று கொலோசெயரில் இருக்கிறது, ஆகவே சொந்தக்காரனுக்குப் பரிந்தார் என்றும் சொல்லலாம். நம் சபைகளில் நிச்சயம் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் பின்னாளில், ‘மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்’ என்று தீமோத்தேயுவுக்கு எழுதுவது அதே பவுல். நடுவில் மாற்குவை யாரோ ஒருவர் பிரயோஜனமுள்ளவன் ஆக்கியிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கப்பலில் ஏறு என்று பர்னபா சொன்னதாக நான் படிக்கவில்லை.

உங்கள் பழைய நெல்லை ஜில்லாக்காரர் ஒருவரையும் சொல்ல வேண்டும். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்த சபையில் எழுந்து பேசினார். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையே கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13-ஐ எடுத்து அவர்கள் முன்னாலேயே நீட்டிவிட்டார். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று எல்லாம் செய்துவிட்டு மேலே நின்றே பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அது சுருக்கென்று தைத்தது.

இரண்டு வருஷம் கழித்து, 1912-ல், அவரே தோர்ணக்கல் பேராயர் (பிஷப்) ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். தெலுங்கு நாடு, வேற்று மொழி, சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மாலா, மாதிகா மக்கள். அவர்களைப் பல தலைமுறைக்குக் கைபிடித்தே நடத்த வேண்டும் என்று நினைப்பதுதான் அன்றைய வழக்கம். அசரியா ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தங்கள் தலையிலேயே கைவைக்கச் சொல்லி, ‘நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தைப் பிரசங்கியாவிட்டால் எனக்கு ஐயோ’ என்று சொல்ல வைப்பாராம். நேற்றுச் சேர்ந்தவனுக்கு இன்றே பொறுப்பு. நீங்கள் ஒரு கேரல் ரவுண்ட்ஸ் வரிசையைக் கூட யாரிடமும் விடவில்லை.

சரி, அந்தப் பையன் செய்தது தப்பே இல்லையா? தப்புத்தான். ராத்திரி நேரத்தில் சின்னப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு சுற்றும்போது கூட்டத்தைப் பிரித்துக்கொண்டு போவது ஆபத்து. அதை அவனிடம் சொல்லத்தான் வேண்டும், ஆனால் தனியாக. அப்பொல்லோ என்ற பிரசங்கி ஜெப ஆலயத்தில் அரைகுறையாகப் பேசியபோது ஆக்கில்லாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாளும் எழுந்து நின்று திருத்தவில்லை. அவனைச் சேர்த்துக்கொண்டு, அப்புறம் விவரித்துக் காட்டினார்கள். சொல்லிக்கொடுத்த இருவரில் ஒருவர் பெண். உங்கள் ஐக்கியத்தில் பெண்பிள்ளைகள் இருக்கிறார்களா, இல்லை அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, பரிமாற மட்டும்தானா?

ஆகவே தம்பி, மன்னிப்பு நிபந்தனையை முதலில் திரும்ப வாங்குங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் அறிவிப்பாகப் போடாமல் அவன் வீட்டுக்குப் போங்கள். பைபிளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போக வேண்டாம். உங்கள் வரிசையில் என்ன குறை என்று அவனையே கேளுங்கள். கடைசித் தெருவுக்குப் பாட்டு போய்ச் சேருவதற்குள் விடிந்துவிடுகிறது என்பதுபோல் ஏதாவது நியாயமான காரணம் இருக்கலாம். வெறும் வீம்பாகவும் இருக்கலாம். எதுவானாலும் இந்த வருஷ வரிசையை அவனையே போடச் சொல்லுங்கள், நீங்கள் கடைசி வண்டியில் வாருங்கள். ஒரே ஒரு வேண்டுகோள், இதையும் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிடாதீர்கள். பெரிய வியாழன் கால் கழுவுதலுக்கே இப்போது இரண்டு கேமரா வருகிறது.

போன முதல் தடவையே அவன் இறங்கி வருவான் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். கதவைத் திறக்காமலும் இருக்கலாம். மறுபடியும் போங்கள்.

தேர்தலைப் பற்றிக் கேட்டீர்கள். வேட்புமனு வாங்கும் நாளுக்குள், உங்களைவிட நன்றாகச் செய்யக்கூடிய ஒருவரையாவது உங்கள் ஐக்கியத்தில் உருவாக்கியிருந்தால் அவர் பெயரை நீங்களே முன்மொழியுங்கள். அப்படி ஒருவருமே இல்லை என்றால் நிற்க வேண்டாம்.