லோட் பேலன்சர் ஜோடியில் ஒன்றை ரீபூட் பண்ணினால் மற்றது தானாக எடுக்கும்தானே, பராமரிப்புக்கு ஏன் கையால் மாற்ற வேண்டும்?

தானாக எடுக்கும்தான், அதை யாரும் மறுக்கவில்லை. நீங்கள் கீப்அலைவ்டும் (ஜோடி பகிர்கிற ஐபியை, ஒன்று விழுந்தால் மற்றதுக்கு மாற்றுகிற மென்பொருள்) எச்ஏபிராக்சியும் (வரும் இணைப்புகளைச் சேர்வர்களுக்குப் பிரித்து அனுப்புகிற லோட் பேலன்சர் மென்பொருள்) போட்டு இரண்டு விஎம் (மெய்நிகர் கணினி) ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்: கையால்தான் மாற்றுங்கள்.

நான் மட்டக்களப்பு, கல்லடியில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவன். கேர்னல் பேட்ச் போட வேண்டிய ஓர் இரவு, போன் கோலில் இருந்த அண்ணன் "தம்பி, மாஸ்டரை ரீபூட் அடிச்சி விடு, மத்தது எடுத்துக்கும், போய்ப் படுப்பம்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் ஸ்டேண்ட்பையின் (மாஸ்டர் வேலை செய்யும்போது காத்திருக்கிற மற்ற விஎம்மின்) சொந்த ஐபிக்கே, ரிசால்வ் ஒப்ஷன் போட்டு கர்ல் அடித்தேன், அதாவது தளத்தின் பெயரிலேயே நேரே அதனிடம் கேட்டுப் பார்த்தேன். வந்தது தளத்தின் பழைய பாதுகாப்புச் சான்றிதழ், முந்தின கிழமையே காலாவதியானது. புதியதை யாரோ மாஸ்டரில் மட்டும் போட்டிருக்கிறார்கள். கீப்அலைவ்டு ஐபியைத்தான் மாற்றும், கோப்புகள் ஒன்றா என்று பார்க்காது. எச்ஏபிராக்சி உயிரோடு இருந்தபடியால், அதை மட்டும் பார்க்கிற செக் ஸ்கிரிப்டும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அப்படியே மாறியிருந்தால் காலையில் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை எல்லாக் கிளைக் கவுண்டரிலும் எச்சரிக்கைத் திரைதான் வந்திருக்கும்.

சான்றிதழைச் சரிபண்ணிய பிறகுதான் மாஸ்டரில் கீப்அலைவ்டை நிறுத்தினேன். அப்படி முறையாக நிறுத்தினால் அது பிரயோரிட்டி 0, அதாவது "நான் விலகுகிறேன்" என்று ஓர் அறிவிப்பு அனுப்பிவிட்டுப் போகும், மற்றது ஒரு செக்கனுக்குள் ஐபியை எடுத்துவிடும். விஎம்மைத் திடீரென்று பவர் ஓஃப் பண்ணினால், வழக்கமான 1 செக்கன் இடைவெளியில், மாஸ்டர் விடாமல் அனுப்புகிற "நான் இருக்கிறேன்" அறிவிப்பு மூன்று வராமல் போகும்வரை மற்றது காத்திருக்கும். திறந்திருந்த இணைப்புகள் எப்படியும் அறும், அதனால்தான் இரவு வேலை.

ரீபூட்டுக்கு முன் கீப்அலைவ்டை, தானாகத் தொடங்காதபடி, டிசேபிளும் பண்ணுங்கள். இல்லாவிட்டால் பழைய மாஸ்டர் எழும்பின உடனேயே, நீங்கள் சோதித்துப் பார்க்க முன்பே, ஐபியைப் பறித்துக்கொள்ளும். நோப்ரீஎம்ட் (திரும்பி வந்தாலும் ஐபியைப் பறிக்காதே என்கிற அமைப்பு) போட்டால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் கொன்ஃபிக் கோப்பில் ஸ்டேட் என்ற வரி இரண்டு பக்கமும் பேக்கப் என்று இருக்க வேண்டும்.

எஃப்5 (விலைக்கு வாங்குகிற லோட் பேலன்சர்) வைத்திருப்பவர்கள் "எங்களுக்கு ஒரு பட்டன்தான்" என்று சண்டைக்கு வர வேண்டாம். நீங்களும் கொன்ஃபிக் சிங்க் (இரண்டிலும் அமைப்புகளை ஒன்றாக்குவது) முடிந்திருக்கிறதா என்று பார்க்காமல் அந்த பட்டனை அமத்தக் கூடாது.

இதை எழுதும்போது ஒன்றையும் சொல்லியே ஆக வேண்டும். இந்த வேலை முழுக்க எஸ்எஸ்எச்சில் (தூரத்திலிருந்தே சேர்வருக்குள் நுழைகிற வழி) நடந்தது, கொழும்பில் இருக்கிறவனும் அதே எஸ்எஸ்எச்சில்தான் செய்வான். அப்படியிருக்க நெட்வேர்க் வேலை விளம்பரத்தில் ஏன் "கொழும்பில் வசிப்பவராக இருக்க வேண்டும்" என்று போடுகிறார்கள்? வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த பிள்ளைகள் நேர்முகத்துக்கு இரவு பஸ் ஏறிப் போய், போர்டிங் வாடகைக்கே சம்பளத்தைக் கொடுக்கிறார்கள். எனக்கு இது உண்மையாகவே வலிக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். விஎம்வேர் என்றால் இரண்டு விஎம்மும் ஒரே ஹோஸ்டில் (ஒரே நிஜ சேர்வரில், அது விழுந்தால் இரண்டும் போய்விடும்) இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் முதலில் பிரித்து வைக்கிற டிஆர்எஸ் (விஎம்களை ஹோஸ்டுகளுக்குப் பங்கிடுகிற விஎம்வேர் வசதி) விதியைப் போடுங்கள், ஃபெயிலோவரை (மாஸ்டரிலிருந்து மற்றதுக்கு மாற்றுவதை) அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.