பி லைசென்ஸ் விலைக்குக் கிடைக்காது

கேள்வி: வயது 33, கொட்டாஞ்சேனை. கொழும்பு உதைபந்தாட்டக் கழகம் ஒன்றுக்கு 11 வருடம் மத்தியகளத்தில் விளையாடினேன். முழங்கால் சவ்வு கிழிந்ததால் இனிப் பயிற்றுவிப்பாளராகலாம் என்றிருக்கிறேன். ஒருவர் நான்கு லட்சத்துக்கு நேரடியாக ஏஎஃப்சியின் (ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பு) பி தரப் பயிற்றுவிப்பாளர் லைசென்ஸும் மாலைதீவில் வேலையும் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு லட்சம் முற்பணம் வேண்டுமாம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம், தம்பி. ஒரு ரூபாயும் வேண்டாம்.

லைசென்ஸ் ஏணி சி, பி, ஏ, ப்ரோ என்று போகும். ஆசியாவில் இது ஏஎஃப்சியின் கீழ், அந்தந்த நாட்டுச் சம்மேளனத்தின் வழியாகத்தான் நடக்கும். இங்கே என்றால் கொழும்பு 7 சுதந்திர வழியில் இருக்கும் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனம். பாடநெறியில் உட்காரவேண்டும், மைதானத்தில் பயிற்சி நடத்திக் காட்டவேண்டும், மதிப்பிடுபவர் பார்த்துச் சரி சொல்லவேண்டும். இதில் எந்த இடத்திலும் இடைத்தரகருக்கு வேலை இல்லை. அவர் தரக்கூடியது அச்சடித்த ஒரு தாளாக இருக்கும், இல்லையென்றால் இணையவழி வகுப்பொன்றின் சான்றிதழாக இருக்கும். அந்த வகுப்புகளில் படிக்கலாம், தவறில்லை. ஆனால் அது லைசென்ஸ் ஆகாது. மாலே போய் இறங்கிய பிறகு அதை அறிந்துகொண்டு திரும்பி வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

“பிர்லோவுக்கு மட்டும் எப்படிக் கொடுத்தார்கள்?” என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். 2020 ஓகஸ்டில் இத்தாலியின் யுவென்டஸ் கழகம் தன் பழைய மத்தியகள வீரர் பிர்லோவைத் தலைமைப் பயிற்றுவிப்பாளராக அறிவித்தபோது அவர் கையில் ப்ரோ லைசென்ஸ் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அவர் அதற்கான பாடநெறியில் ஏற்கெனவே இருந்தார். அடுத்த மாதமே இத்தாலியச் சம்மேளனத்தின் கொவெர்சியானோ நிலையத்தில் ஆய்வுக் கட்டுரை கொடுத்துத் தேறினார். ஆக, அவரும் படித்துத் தேறித்தான் வாங்கினார். உலகக் கிண்ணம் வென்ற ஆளுக்குக் கழகம் ஒரு மாதம் பொறுத்திருந்தது, அவ்வளவுதான். அப்படியிருந்தும் ஒரே பருவத்தில் வேலை போய்விட்டது. உங்களுக்கும் எனக்கும் யாரும் அப்படிப் பொறுத்திருக்க மாட்டார்கள்.

நீங்கள் பார்க்கவேண்டியவர்கள் வேறு. குவார்டியோலா மத்தியகள வீரர்தான். 2007இல் பார்சலோனாவின் இரண்டாம் அணியை ஸ்பெயினின் நான்காம் நிலைப் பிரிவில் எடுத்துத்தான் தொடங்கினார். சாபி அலொன்சோ ரியல் மட்ரிட்டில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு ஒரு வருடம், பிறகு ரியல் சொசியதாதின் இரண்டாம் அணியில் மூன்று வருடம் இருந்தார். அதற்குப் பிறகுதான் ஜெர்மனியின் லெவர்குசன் கழகம், 2023-24இல் ஒரு தோல்வியும் இல்லாமல் அந்நாட்டு முதல்தர லீக்கான புண்டஸ்லிகாவின் கிண்ணம் எல்லாம்.

மத்தியகளத்தில் நின்றவர் பந்து வருமுன்பே இரண்டு தோளுக்கும் மேலால் திரும்பிப் பார்ப்பார். உங்களுக்கு அது பழக்கம், யோசிக்காமலே செய்வீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லிப் பாருங்கள், வாய் வராது. பயிற்றுவிப்பாளரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. ஆகவே இந்த மாதமே ஒரு பாடசாலை அணிக்கோ உங்கள் பழைய கழகத்தின் சிறுவர் அணிக்கோ உதவியாகப் போய் நில்லுங்கள். ஒவ்வொரு பயிற்சியையும் கொப்பியில் எழுதி வையுங்கள். சி பாடநெறிக்கு விண்ணப்பிக்கும்போது அது கைகொடுக்கும்.

சம்மேளனப் பக்கமும் குறை இருக்கிறது, அதை நான் மறைக்கப் போவதில்லை. பாடநெறித் திகதி பிந்தி வருகிறது, இடம் தெரிந்தவர்களுக்குள்ளேயே நிரம்பிவிடுகிறது. நான் படித்த ஒரு பாடநெறியில் தமிழில் ஒரு தாள்கூடத் தரவில்லை; பக்கத்து மேசை நண்பர் சிங்களத்திலிருந்து சொல்லித்தான் எழுதினேன். 2023 ஜனவரியிலிருந்து ஓகஸ்ட் வரை ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தி வைத்தது. அந்தக் காலத்தில் ஃபிஃபா, ஏஎஃப்சி பாடநெறிகளும் நமக்கு இல்லை. நிர்வாகச் சண்டைக்குப் பயிற்றுவிப்பாளர்களின் காலம் பலியானது. நேர்வழி இவ்வளவு மெதுவாகப் போவதால்தான் நான்கு லட்சம் கேட்பவருக்குக் கதவு திறக்கிறது. அதற்காக நீங்கள் அந்தக் கதவால் போகக்கூடாது. லீக் அலுவலகத்தில் பெயரைக் கொடுத்துவிட்டு, அப்புறம் வாரம் ஒருமுறை போய்க் கேட்டுக்கொண்டே இருங்கள். வெட்கப்பட வேண்டாம்.

மாலைதீவு வேலை பிறகு பார்க்கலாம். ஒழுங்கான முகவர் வேலை அமைந்த பின் சம்பளத்தில் ஒரு பங்கை எடுப்பார், முன்கூட்டி ரொக்கம் கேட்கமாட்டார்.

வெள்ளிக்கிழமை அவர் அழைத்தால் இரண்டு இலக்கங்களைக் கேளுங்கள். ஒன்று ஃபிஃபா முகவர் உரிம இலக்கம், மற்றது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிம இலக்கம். முதலாவதை ஃபிஃபாவின் இணையப் பட்டியலில் பார்க்கலாம், இரண்டாவதைப் பணியகத்தின் 1989க்கு அழைத்துக் கேட்கலாம். உரிமம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது இந்த நாட்டில் குற்றம். அவரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள். முறைப்பாடு கொடுக்க நேர்ந்தால் அவைதான் சாட்சி.