எஃப் கார்டும் ஞாயிற்றுக்கிழமையும்

வணக்கம்.

நான்கு மாதமாக வீட்டிலேயே வீடியோ பார்த்து அக்கூஸ்டிக் கிட்டார் கற்கிறேன். வயது 34. வேலை முடிந்து வர இரவாகிவிடுவதால் ஞாயிறு மட்டும் மூன்று மணி நேரம் உட்கார்கிறேன். பன்னிரண்டு கார்ட் (பல கம்பிகளை ஒன்றாக ஒலிக்கவைக்கும் பிடி) தெரியும். தனியாகப் பிடித்தால் ஒலிக்கிறது. பாட்டுக்குள் போனால் ஒவ்வொரு மாற்றத்திலும் நின்றுவிடுகிறேன். எஃப் கார்ட் இன்றுவரை வரவில்லை. விரல் நுனி எரிகிறது. சிறுவயதில் பாட்டு வகுப்புக்குப் போனேன், வரிசைகளோடு நின்றது. என் விரல்களுக்கு இது ஒத்துவராதோ?

எஸ்., கோவில்பட்டி

அன்புள்ள எஸ்.,

விரல்களைக் குறை சொல்லாதீர்கள். வயதும் தடையில்லை. பன்னிரண்டு கார்டுகளில் நிற்கப் பழகியிருக்கிறீர்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக இன்னும் பழகவில்லை. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

முதலில் அந்த மூன்று மணி நேரத்தை உடையுங்கள். நாளுக்கு 20 நிமிடம். வாரக் கணக்கில் இப்போதையதைவிடக் குறைவுதான், ஆனால் பலன் கூடும். ஸ்டீல் கம்பியில் வெகுநேரம் அழுத்தினால் நுனி நொந்துபோகும். நொந்த விரல் சரியான இடத்தைவிட்டு விலகும், ஈடுகட்டக் கட்டைவிரல் இறுக்கும். அந்தக் கோணல் பிடியையே கை பழகிக்கொள்ளும். பிறகு ஆறு நாள் இடைவெளி விட்டால் நுனித்தோல் காய்ப்பு ஏற வழியில்லை. தினமும் தொட்டால் மூன்று நான்கு வாரத்தில் எரிச்சல் அடங்கிவிடும். குளித்த உடனே, பாத்திரம் கழுவிய உடனே வாசிக்காதீர்கள்; ஊறிய தோலில் கம்பி பதிந்து வலிக்கும். நுனி எரிவது இயல்பு. மணிக்கட்டோ கட்டைவிரல் அடியோ வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மரத்துப்போனால் மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்து, கிட்டாரைச் சோதியுங்கள். விலை குறைந்த கிட்டார்கள் பல, கம்பி உயரமாகவே விற்பனைக்கு வருகின்றன. கற்பவர் தன்னைத்தான் நொந்துகொள்கிறார். 12-ஆம் ஃப்ரெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) மேல்விளிம்புக்கும் தடித்த ஆறாம் கம்பிக்கும் நடுவே ஸ்கேல் வைத்துப் பாருங்கள். இரண்டரை மி.மீ. அளவில் இருந்தால் நல்லது. மூன்றைத் தாண்டினால் சிரமம். பிறகு ஒவ்வொரு கம்பியையும் 3-ஆம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டைக் கவனியுங்கள். கம்பிக்கும் அதற்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளிதான் இருக்க வேண்டும். அதிகம் இருந்தால் நட்டின் (கழுத்து முனையில் கம்பிகளைத் தாங்கும் பட்டை) பள்ளம் ஆழம் போதவில்லை. எஃப் வராததற்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கலாம். வாத்தியம் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் அரம் போட்டுச் சரிசெய்வார். நீங்களே அராவ வேண்டாம். ஆழம் கூடிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டிவரும். 12 கேஜ் (தடிமன்) கம்பி போட்டிருந்தால் மெல்லிய 10-க்கு மாறுங்கள்.

இனி மாற்றங்கள். சி-யிலிருந்து ஏ மைனருக்குப் போகையில் மோதிர விரல் மட்டுமே நகர வேண்டும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கும். பலர் மூன்றையும் எடுத்துவிட்டு மறுபடி தேடுகிறார்கள். சி-யிலிருந்து ஜி-க்கு மோதிர விரலும் நடுவிரலும் அதே வடிவில் ஒரு கம்பி மேலே, தடித்த கம்பிப் பக்கமாக நகரட்டும். முதல் கம்பி 3-ஆம் ஃப்ரெட்டைச் சுண்டுவிரல் பிடிக்கட்டும். ஆள்காட்டியில் தொடங்கும் ஜி பிடியைத்தான் நிறைய பேர் முதலில் கற்கிறார்கள். அதில் சி-யிலிருந்து போவதற்குக் கை முழுக்கக் குலையும். ஒவ்வொரு ஜோடியிலும் எந்த விரல் நிற்கிறது, எது நகர்கிறது என்று வாசிப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

பிறகு ஒரு நிமிடம் அலாரம் வைத்து அந்த ஜோடியை மட்டும் மாற்றி மாற்றிப் பிடியுங்கள். எத்தனை முறை மாறியது என்று தாளில் எழுதுங்கள். 15-இல் தொடங்கினால் வருத்தப்பட வேண்டாம். 30 வந்தால் மெதுவான பாட்டு ஓடும். 60 வந்தால் அந்த ஜோடியை மறந்துவிடலாம். எண்ணிக்கை கூடாமல் நின்றால், எந்த விரல் கடைசியில் இறங்குகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் தடித்த கம்பிக்குப் போகும் விரல்தான். வலக்கை முதலில் தொடுவது அந்தக் கம்பியை என்பதால்தான் மாற்றம் திக்கித் திக்கி விழுகிறது. கார்டைப் பிடித்து, விரல்களை ஓர் அங்குலம் தூக்கி, எல்லாம் ஒன்றாக இறங்கும்படி பத்து முறை வையுங்கள்.

பாட்டில் நிற்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. இடக்கை தடுமாறினால் வலக்கையும் காத்திருக்கிறது. வலக்கை நிற்கவே கூடாது. தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, ஒவ்வோர் அடிக்கும் கீழ்வீச்சு ஒன்று, மேல்வீச்சு ஒன்று. மாற்றத்துக்கு முந்தைய அரை அடியில் விரல்களை எடுத்துவிடுங்கள்; அந்த மேல்வீச்சு திறந்த கம்பிகளில் விழட்டும். தேர்ந்தவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள், காதுக்கு உறுத்தாது.

எஃப். ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் நசுக்க வேண்டும் என்று நினைத்துத்தான் எல்லோரும் சோர்கிறார்கள். 3, 4, 5-ஆம் கம்பிகளை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. ஆள்காட்டிக்கு 6, 2, 1 மட்டுமே பொறுப்பு. விரலைச் சற்றே பக்கவாட்டில் சாய்த்து எலும்பு விளிம்பால் அழுத்துங்கள். மூட்டுக் கோடு ஒரு கம்பியின் மேல் வந்தால் அது ஊமையாகும்; விரலை இம்மி மேலே கீழே நகர்த்துங்கள். கட்டைவிரலால் நெரிக்காமல் முழங்கையைப் பின்னுக்கு இழுத்து அழுத்தம் கொடுங்கள். நட்டுக்கு அருகில் கம்பி மிக விறைப்பு. ஆகவே அதே வடிவை 5-ஆம் ஃப்ரெட்டில் தொடங்கி, தெளிவாக ஒலித்த பின் வாரத்துக்கு ஒரு ஃப்ரெட் இறங்கி வாருங்கள். அதுவரை பாட்டுக்கு, நான்கு மெல்லிய கம்பிகளில் மட்டும் பிடிக்கும் எஃப் போதும்.

வரிசைகள் தெரியும் என்றீர்களே, அது பெரிய சொத்து. சரளி வரிசையைச் சங்கராபரணத்தில், ஒரு கட்டைச் சுருதியில் (சி-யை ஸ-வாக வைத்து) வாசியுங்கள். 5-ஆம் கம்பி 3-ஆம் ஃப்ரெட் ஸ. 4-ஆம் கம்பியில் திறந்து ரி, 2-இல் க, 3-இல் ம. 3-ஆம் கம்பியில் திறந்து ப, 2-இல் த. 2-ஆம் கம்பியில் திறந்து நி, 1-இல் மேல் ஸ. முதல் ஃப்ரெட்டுக்கு ஆள்காட்டி, இரண்டுக்கு நடு, மூன்றுக்கு மோதிரம். விரல் ஃப்ரெட்டை ஒட்டி விழ வேண்டும். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் விழுந்தால் இரைச்சல் வரும், இரட்டிப்பு பலமும் தேவைப்படும். 60-இல் மூன்று காலமும் (வேகமும்) வாசியுங்கள். மூன்றாம் காலம் குழம்பினால் 45-க்கு இறக்குங்கள். ஸ்வரத்தை வாயால் பாடிக்கொண்டே வாசித்தால் தப்பு உடனே காதில் விழும்.

20 நிமிடத்தில் ட்யூனிங் முடித்ததும் வரிசைக்கு நான்கு, இரண்டு ஜோடி மாற்றங்களுக்கு ஐந்து, எஃப் வடிவப் பிடிக்கு மூன்று, மீதி முழுவதும் ஒரே பாட்டு. புதுக் கார்ட் எதுவும் ஒரு மாதத்துக்கு வேண்டாம். கிட்டாரை உறையிலிருந்து எடுத்து, வெயில் படாத சுவரோரம் ஸ்டாண்டில் வையுங்கள். களைத்து வரும் இரவில் ஜிப்பைத் திறப்பதுகூட ஒரு வேலைதான்.

ஒரு மாதம் கழித்து சி–ஜி, ஏ மைனர்–எஃப் இரண்டின் நிமிட எண்ணிக்கையையும், 12-ஆம் ஃப்ரெட் அளவையும் எழுதுங்கள். எங்கே சிக்குகிறது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.