கேள்வி – பதில்: சாம்பல் அல்லாத சாம்பல்

கேள்வி: 1900ஆம் ஆண்டளவில் அணிவகுப்பு உடையில் நிற்கும் மெட்ராஸ் லான்சர் (ஈட்டி ஏந்திய குதிரைப்படை) வீரரின் சிற்றுருவத்துக்கு வண்ணம் தீட்டுகிறேன். சட்டை ‘பிரெஞ்சு கிரே’ என்றிருந்ததால் சாம்பல் நிறம் பூசினேன். உருவம் உயிரற்றுக் கிடக்கிறது. எங்கே தவறு?

பதில்: தவறு உங்கள் கையில் இல்லை, அந்தப் பெயரில் இருக்கிறது. பிரெஞ்சு கிரே என்பது நீலம் கலந்த வெளிர் சாம்பல்; மெட்ராஸ் படையின் குதிரை வீரர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்திலிருந்தே அணிந்துவந்த இந்த நிறத்தை, 1903இல் 26, 27, 28ஆம் லைட் கேவல்ரி (இலகுரகக் குதிரைப்படை) என எண்கள் மாறிய பின்னும் அவர்கள் கைவிடவில்லை. வான்நீலத்தோடு சாம்பலைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பாருங்கள். மடிப்புகளின் நிழலுக்குக் கறுப்பைத் தொடவே வேண்டாம், கருநீலம் போதும். காலரும் கைப்பட்டையும் வெளிர்மஞ்சள் கலந்த தோல் நிறம். ஈட்டியின் தண்டு மூங்கில் என்பதால், கணுக்களில் மெல்லிய பழுப்புக் கோடு இழுத்தால் அது உடனே மூங்கிலாகிவிடும். பலர் இதை மறந்துவிட்டு மரக்கம்பு போலத் தீட்டுவது எனக்கு எப்போதும் உறுத்தும்.

கேள்வி: ஸ்கின்னர்ஸ் ஹார்ஸ் குதிரைப்படை வீரரின் மஞ்சள் அங்கி திட்டுத்திட்டாக வருகிறது. குதிரைகளை ஒரே நிறமாகத் தீட்டலாமா?

பதில்: ஜேம்ஸ் ஸ்கின்னர் 1803இல் திரட்டிய இப்படைக்கு மஞ்சள்தான் அடையாளம் என்பதால் அதில் சலுகை கிடையாது. ஆனால் மஞ்சள் பெயிண்ட் கறுப்புப் பிரைமரை (முதல் பூச்சை) மூடாது. வெள்ளைப் பிரைமரின் மேல் காவி கலந்த பழுப்பை அடித்தளமாக இட்டு, மஞ்சளை நீர்க்க இரண்டு மூன்று முறை பூசி, நிழலுக்கு ஆரஞ்சு கலந்த பழுப்பைப் பயன்படுத்துங்கள்.

குதிரைகளைப் பொறுத்தவரை, ஸ்கின்னர்ஸ் ஹார்ஸ் உள்ளிட்ட வங்காளக் குதிரைப்படைகளில் பெரும்பாலானவை சில்லதார் முறையில் இயங்கின. அதாவது, குதிரைக்கும் சேணத்துக்கும் உரிய செலவு சிப்பாயின் தலையிலேயே விழும்; அதனால் குதிரைகள் ஒரே மாதிரி இருக்காது. அரசே குதிரை வாங்கித் தந்த மெட்ராஸ் படைகளிலோ ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த ‘வேலர்’ குதிரைகள் மிகுதி. ஆகவே ஸ்கின்னர் வீரர்களுக்குச் செம்பழுப்பு, கரும்பழுப்பு, செந்நிறம் எனக் கலந்து தீட்டுங்கள். மெட்ராஸ் வரிசைக்கு ஓரளவு ஒத்த உயரமும் உடல்வாகும் உள்ள குதிரைகளைத் தேர்ந்துகொள்ளலாம்.