சென்னைக்குள் இப்போது அடங்கிவிட்ட ஒரு சின்ன விவசாய ஊரில் முன்பு வாழ்க்கை எப்படி இருந்தது? அங்கே உழுதவர்கள் எங்கே போனார்கள்?

போரூருக்குத் தெற்கே, அடையாற்றுக்கு வடக்கே, 'பாக்கம்' என்று முடிகிற ஊர்களில் ஒன்று எங்களுடையது. 1961-இல் அங்கே பிறந்தேன், இன்றும் அங்கேதான் இருக்கிறேன். 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது 25 ஊராட்சிகள் அதில் சேர்ந்தன. எங்கள் ஊராட்சியும் அதில் ஒன்று.

என் சிறுவயதில் ஊர்த்தெருக்களில் எழுபது வீடு இருக்கும். கழனிக்கு அந்தப் பக்கம் சேரியில் நாற்பது வீடு. நடுவில் ஏரி. கழனிக்குத் தண்ணீர் விட இரண்டு மதகு, மிஞ்சிய தண்ணீர் வழிய ஒரு கலங்கல். ஐப்பசி கார்த்திகை மழையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த ஊர் ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று சும்மா சொல்லவில்லை. சம்பா போக நெல் தை மாதம் அறுவடையாகும். ஏரியில் தண்ணீர் மிச்சமிருந்தால் உடனே அடுத்த போகமான நவரை நடுவார்கள். கிணறு வைத்திருப்பவர்கள் மட்டும் கோடைப் போகமான சொர்ணவாரி போடுவார்கள். கொல்லையில் கேழ்வரகு, வேர்க்கடலை, கத்தரி. காய்கறி மூட்டைகள் ராத்திரியே மாட்டு வண்டியில் கிளம்பி விடியற்காலம் கொத்தவால் சாவடிக்குப் போய்ச் சேரும். அப்போது கோயம்பேடு சந்தை கிடையாது, அது 1996-இல்தான் வந்தது.

எழுபதுகளில் ஊர் முழுக்க ஐ.ஆர். 20 தான். பிலிப்பைன்ஸிலிருந்து வந்த நெல் என்று எல்லோரும் சொல்வார்கள். அதன் பெற்றோரில் ஒன்று திருவள்ளூர்ப் பக்கம் திரூர் ஆராய்ச்சி நிலையத்து டி.கே.எம். 6 என்பது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. நம் பக்கத்து நெல் அவ்வளவு தூரம் போய்த் திரும்பி வந்திருக்கிறது என்பதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

சரி, மனிதர்களுக்கு வருகிறேன். அந்த ஊரில் எனக்கு முக்கியமானவராகப் படுபவர் நீர்க்கட்டி. மதகைத் திறப்பதும் மூடுவதும் அவர் வேலை. எந்தக் கழனிக்கு என்றைக்கு, எவ்வளவு நேரம் தண்ணீர் என்பது அவர் கணக்கு. ஏரியில் தண்ணீர் குறைந்துவிட்டால் முறை வைத்து விடுவார். நிலத்துக்காரர் யாரும் மடையில் கை வைக்கக்கூடாது. ஒரு ராத்திரி அப்பா மண்வெட்டியோடு போய் எங்கள் கழனிக்கு வாய்க்காலை வெட்டிவிட்டார். நானும் லாந்தர் பிடித்துக்கொண்டு கூடப் போயிருந்தேன். இருட்டுக்குள்ளிருந்து நீர்க்கட்டி வந்தார். "உங்க முறை வெள்ளிக்கிழமை ஐயா. கடைமடை காயுது" என்று சொல்லிக்கொண்டே மண்ணை அள்ளி அடைத்தார். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்தார். ஊரில் வேறு எந்த விஷயத்திலும் அவர் அப்பாவை அப்படித் தடுத்திருக்க முடியாது. அவர் சேரியைச் சேர்ந்தவர். என் தாத்தா வயதிருக்கும் அவரை நாங்கள் பொடியன்கள் பேர் சொல்லித்தான் கூப்பிட்டோம். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அவருக்குச் சம்பளம் களத்தில்தான். அறுவடை முடிந்து நெல் அளக்கும்போது ஒவ்வொரு நிலத்துக்காரரும் ஏரி வேலைக்கு என்று மரக்காலில் அளந்து கொடுப்பார்கள். அதற்கு மேரை என்று பெயர். இது நேற்று வந்த வழக்கம் இல்லை. 1763-இல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வரி வருமானத்தை அவர்களே எடுத்துக்கொள்ளும்படி, கொடுத்தார். பிறகு 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்பவர் சுமார் இரண்டாயிரம் ஊர்களை அளந்து, வீடு, ஏரி, நிலம், யார் யாருக்கு எவ்வளவு மேரை என்று எழுதிவைத்தார். அப்போதே இந்த ஏற்பாடு இருந்திருக்கிறது. ஆனால் மேரை வாங்கியவருக்கு நிலம் இல்லை. நிலத்தின் பங்கெல்லாம் மிராசுதார்களிடம். 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கை, சேரி மக்களுக்குக் குடியிருக்கும் இடம்கூடச் சொந்தமில்லை என்று சொன்னது. அதன் பிறகுதான் 1892-இல் சேரி மக்களுக்கென்று ஒதுக்கும் பஞ்சமி நிலம் கொடுக்க உத்தரவு வந்தது.

ஊர் எப்போது முடிந்தது என்று கேட்டால் பலரும் மனைப்பிரிவு வந்த வருஷத்தைச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிணற்றில் மோட்டார் வந்தபோதே ஆரம்பித்துவிட்டது. மோட்டார் வைத்தவனுக்கு மதகு தேவையில்லை. கோடையில் கரைக்கு மண் போட ஆள் அனுப்புவதை நிறுத்தினோம். "நான்தான் ஏரித் தண்ணி எடுக்கலையே" என்று மேரையையும் நிறுத்தினோம். நாங்கள் என்றால் எங்கள் வீடும் சேர்த்துத்தான். நீர்க்கட்டி கொஞ்ச நாள் சும்மாவே மதகைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அப்புறம் கட்டட வேலைக்கு மண் சுமக்கப் போனார்.

2003, 2004 வறட்சியில் நகரத்துக்குத் தண்ணீர் இல்லை. எங்கள் கிணற்றடிக்கு லாரிகள் வந்தன. ஒரு போகம் நெல்லில் கிடைப்பதைச் சில வாரத்தில் லாரிக்காரர் கொடுத்துவிடுவார். விற்றோம். கிணறு வற்றியது. அதற்கப்புறம் நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சென்னையில் இடம் வாங்கும் எல்லோரும் கிரவுண்டு, கிரவுண்டு என்று பேசுகிறார்கள். அது எங்கள் பழைய மனைக் கணக்குதான். 2,400 சதுர அடி ஒரு மனை, 24 மனை ஒரு காணி. எங்களுக்கு இரண்டு காணி. தெருவுக்கு விட்டது போக முப்பத்தைந்து மனை தேறியது. அதில் ஒன்றை நீர்க்கட்டி குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கலாம். அப்பாவுக்குத் தோன்றவில்லை. எனக்கு அன்றைக்கு நாற்பத்தைந்து வயது, எனக்கும் தோன்றவில்லை. உழுதவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: எங்கேயும் போகவில்லை. அதே சேரியில், சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்ப, அதே இடத்தில் இருக்கிறார்கள். ஆண்கள் பெயிண்டிங், பிளம்பிங் வேலைக்கும் பெண்கள் அந்த அடுக்குமாடிகளில் வீட்டு வேலைக்கும் போகிறார்கள்.

சித்திரையில் நவரை அறுத்த கழனியில் திரௌபதி அம்மன் கூத்து நடக்கும், துரியோதனன் விழும் கடைசிக் காட்சியான படுகளத்துக்கு அவனை மண்ணில் ஆள் உயரத்துக்குப் பல மடங்கு நீளமாகப் படுக்கவைப்பார்கள். இப்போது அதற்கு இடமில்லை. கெங்கையம்மனுக்கு ஆடியில் கூழ் வார்ப்பது மட்டும் நடக்கிறது.

ஏரி பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சத்தைச் சுற்றி நடைபாதை போட்டிருக்கிறார்கள். பழைய மதகின் இரண்டு கல்தூண்கள் அதன் ஓரத்தில் நிற்கின்றன. போன வருஷம் ஒரு நாள் காலையில் நடக்கும்போது நீர்க்கட்டியின் பேரனைப் பார்த்தேன். தூணின் உள்பக்கம் உளியால் போட்ட மூன்று கோடுகளைக் காட்டினார். தை பிறக்கும்போது நடுக்கோடு வரை தண்ணீர் நின்றால் ஊர் முழுக்க நவரை நடலாம், கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டால் மேல்மடைக்கு மட்டும்தான் என்று தாத்தா சொல்லிக் கொடுத்தாராம். அந்தத் தூணிலிருந்து எத்தனையோ முறை ஏரிக்குள் குதித்திருக்கிறேன். அந்தக் கோடுகளை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.