நாட்டு வாத்தும் செராத்தி வாத்தும் ஒன்றுதானா? ஒரே அடையில் வைக்கலாமா?

ஒன்று இல்லை. ஒரே நாளில் ஒரே அடையில் தயவுசெய்து வைக்காதீர்கள். "ரெண்டும் வாத்துதானே, மூஞ்சி மட்டும்தானே வேற" என்று சொல்பவர்களைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். அதே நினைப்பில் ஒரு தடவை குஞ்சுகளைப் பறிகொடுத்த வீடு எங்கள் வீடு.

நான் மலேசியாவில் பேராக், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். சிப்புட் என்றால் மலாயில் நத்தை, ஊர் பேரே நத்தை ஆறு. லயத்துக்கு, அதாவது நாங்கள் குடியிருந்த தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் ஓடும் வாய்க்காலில் நத்தைக்குக் குறைவே இல்லை, அதனால் வாத்து வளர்க்காத வீடும் குறைவு. முகத்தில் சிவப்பாகக் கரடு கரடாகச் சதை உள்ள வாத்து இருக்கிறதே, அதை மலாய்க்காரர்கள் இத்தேக் செராத்தி என்பார்கள், நாங்களும் செராத்தி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தமிழ்நாட்டில் மணிலா வாத்து என்கிறார்கள். மணிலாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது தென்னமெரிக்காப் பக்கத்துப் பறவை, கொலம்பஸ் போவதற்கு முன்பே அங்குள்ள பழங்குடிகள் வீட்டில் வளர்த்தது. நாங்கள் பால் வெட்டின ரப்பர் மரமும் அந்தக் கண்டத்திலிருந்து வந்ததுதான். நாட்டு வாத்தோ மல்லார்ட் என்ற பச்சைத் தலைக் காட்டு வாத்தின் வழி வந்தது. இரண்டும் வேறு வேறு இனம்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். நாட்டு வாத்து முட்டை நன்றாக இடும், ஆனால் எங்களுடையது அடையில் உட்காரவே உட்காராது. செராத்தி உட்கார்ந்தால் எழுப்ப முடியாது, கிட்டே போனால் நகத்தாலேயே கிழித்துவிடும். அதனால் அம்மா விறகுக் கொட்டகையில் அடைகிடந்த செராத்திக்கு அதன் முட்டை ஒன்பதோடு நாட்டு வாத்து முட்டை ஆறையும் ஒரே நாளில் சேர்த்து வைத்தார்.

28ஆம் நாள் நாட்டுக் குஞ்சுகள் பொரித்தன. மறுநாள் காலையில் பார்த்தால் தாய் வாத்து குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வாய்க்காலுக்குப் போய்விட்டது. ஒன்பது முட்டையும் வைக்கோலில் அனாதையாகக் கிடந்தன. செராத்தி முட்டைக்கு 35 நாள் வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கூமுட்டை என்று நினைத்து அம்மா எறியப் போனார். நான் ஒன்றை எடுத்து இருட்டில் டார்ச்லைட் மேல் வைத்தேன். அகன்ற முனையில் வெளிச்சமாக ஒரு வட்டம், அதன் ஓரத்தில் செந்நூல் மாதிரி நரம்பு, அதற்குக் கீழே எல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்பு மெல்ல அசைந்தது. "அம்மா, உயிர் இருக்கும்மா!" என்று கத்தினேன்.

அடுத்த லயத்துப் பெரியம்மா வீட்டில் அடைக்கோழி இருந்தது. "தூக்கிட்டு வாடி, பார்ப்போம்" என்றார். கோழிக்கு அடியில் நான்குதான் கொண்டது. ஒரு வாரம் கழித்து இரண்டு பொரித்தன. மற்ற ஐந்தையும் அம்மா முந்தானையில் சுற்றி அடுப்பு ஓரம் வைத்துப் பார்த்தார், ஒன்றும் பிழைக்கவில்லை. இன்குபேட்டர் வாங்கியிருக்கலாமே என்று யாராவது எழுதுவீர்கள். பால் வெட்டுச் சம்பளத்தில் அது எங்களால் நினைத்துப் பார்க்க முடியாத சாமான்.

பிழைத்த இரண்டில் ஒன்று கிடா. தூக்கினால் கை வலிக்கும் கனம், பெட்டை அதில் பாதிதான் இருக்கும். அது கத்தாது, உஸ் உஸ் என்று மூச்சுதான் விடும். தோட்டத்தை விற்று லயத்தைக் காலி பண்ணச் சொன்னபோது அதையும் சேர்த்து ஒரு தவுக்கேயிடம், அதாவது சீன முதலாளியிடம், விற்றோம். மூன்று தலைமுறை பால் வெட்டின குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம் தரவில்லை. இப்போது இருக்கும் அடுக்குமாடியில் ஒரு கோழிக்குஞ்சு வளர்க்கவும் வழியில்லை. இதைப் பற்றிப் பேசினால் "பழைய கதை" என்கிறார்கள். எங்களுக்கு அது பழசாகவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் செராத்திப் பெட்டை இருக்கிறது, நாட்டு வாத்து முட்டையும் கைவசம் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். முதலில் செராத்தி முட்டையை வையுங்கள். ஏழு நாள் கழித்து நாட்டு முட்டையைச் சேருங்கள், எல்லாம் சேர்ந்தாற்போல் பொரிக்கும். இரண்டையும் ஒரே கூண்டில் விட்டால் செராத்திக் கிடா நாட்டுப் பெட்டையோடு சேரும். அந்தக் குஞ்சுகள் நன்றாக வளரும், தைவானில் கறிக்கென்றே அப்படி வளர்க்கிறார்கள். ஆனால் அவை மலடு, அவற்றை வைத்து வம்சம் பெருக்க முடியாது. நான் கால்நடை மருத்துவர் இல்லை, கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

முட்டையில் அடையாளமும் போட்டு வையுங்கள். அதற்கப்புறம் அம்மா கரித்துண்டால் போடுவார், செராத்திக்கு ஒரு கோடு, நாட்டு முட்டைக்கு இரண்டு.